ஃபிரெடி கூப்பிட்டால் மட்டும்

முடிச்சூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் குப்பனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முதலில் சொன்னவள் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி கனகவல்லிதான். சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொன்னாள். அடுப்படியிலிருந்து அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாதவன், கூட்டாளி ஃபிரெடி தெருவில் நின்று "மச்சான்" என்றால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவான். கட்டினவள் பேச்சு கசக்கிறது, சிநேகிதன் பேச்சு இனிக்கிறது. இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

மற்றதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். மகள் வேணி வேலை செய்யும் இடத்திலிருந்து போன் செய்தால் "இந்தா, நீயே பேசு" என்று நீட்டிவிடுவான். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற? தெளிவாத்தான் பேசேன்" என்று கனகவல்லி மேல் எரிந்து விழுவான். நாள் முழுக்க டீசல் வண்டியின் இரைச்சலில் உட்கார்ந்திருப்பவன் காது என்னத்துக்கு ஆகும் என்று அவளுக்கு ஒருமுறையாவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

வேணியின் நிச்சயதார்த்தத்தில்தான் விஷயம் முற்றியது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டை ஏந்தி நிற்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாக நின்று வாங்க வேண்டும். வாசல் பக்கம் முதுகைக் காட்டி நின்ற குப்பனை அவள் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது, அவன் மட்டும் பார்க்கவில்லை. ஃபிரெடி ஒரு குரல் கொடுத்ததும் சிரித்தபடி வந்து சேர்ந்தான். மாப்பிள்ளையின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கனகவல்லிக்கு மானமே போயிற்று.

அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். "உங்கப்பன துன்ன வரச் சொல்லுடி" என்று வேணி வழியாகக் கொஞ்ச நாள் ஓடியது. வேணி கல்யாணமாகிச் சேலையூர் போனபின் அதுவும் நின்றது. தட்டை ணங்கென்று வைப்பாள், அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அழுது தீர்த்துக் கோபத்தை விட்டிருப்பாள். அதற்காகவே காத்திருந்தாள். அவன் விசாரிக்கவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

போன வருஷம் ஒரு காலேஜ் பெண் பின்சீட்டிலிருந்து "நிறுத்துங்கண்ணா" என்று கத்தியும் வண்டி நிற்காமல் போய், நடுரோட்டில் பெரிய தகராறாகிவிட்டது. ஃபிரெடிதான் குப்பனைத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துப் போனான். கனகவல்லியும் உடன் போனாள், அப்போதும் பேசாமல்தான்.

டாக்டரம்மா அவளிடம்தான் சொன்னாள். "இது இன்னிக்கு நேத்து வந்ததில்லம்மா. இன்ஜின் சத்தத்துல கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. இப்படிப் போறப்ப மெல்லிசான குரல்தான் முதல்ல விழாம போகும். பொம்பளைங்க, குழந்தைங்க பேசறது புரியாது. ஆம்பளைங்க கட்டைக் குரல் கேக்கும். டிவிய சத்தமா வெச்சிருப்பாரே? போன்ல பேச மாட்டாரே? நீங்க யாரும் கவனிக்கலையா?"

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். கவனிக்காமல் என்ன? ஒன்று விடாமல் கவனித்தாள். கவனித்ததையெல்லாம் அவன்மேல் குற்றமாகவே சேர்த்து வைத்தாள். அவள் குரல் அவனை எட்டவே இல்லை என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை.

காதில் மிஷின் மாட்டிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், குப்பன் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே குருவி கத்துவதை அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"சூடா கீது, பாத்து" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

"நீ எங்கூட பேசறதயே வுட்டுட்டன்னு நெனச்சிகினு இருந்தேன், கனகா. இன்னா தப்பு பண்ணேன்னு தெரியாம, கேக்கவும் பயந்துகினு கெடந்தேன். கடைசில பாத்தா எல்லாம் இந்தக் காது பண்ண வேல. நீ பாட்டுக்குப் பேசிகினுதான் இருந்திருக்க, பாவம். எனக்குத்தான் வுழல. மன்னிச்சுக்கமே."

கனகவல்லி டீயை அவன் கையில் வைத்தாள். இல்லய்யா, நான் நெஜமாவே பேசல என்று சொல்ல வாயைத் திறந்தாள். இப்போது சொன்னால் அவனுக்குக் கேட்கும்.

"டீ ஆறிடும், குடி" என்றாள்.