எஃப் கோட்டுக்குக் கட்டிய தப்பை

கிட்டாரில் எஃப் கோட் பிடிக்க முடியவில்லை என்பதற்காக, முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோகப்பட்ட ஒரே ஆள் யாழ்ப்பாணத்தில் நானாகத்தான் இருக்க வேண்டும். அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் குருநகரிலிருந்து மருதனார்மடத்துக்கு அப்பால் வரை மிதித்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் கேட்டபோதெல்லாம் பெடியனுக்கு விரலிலை நெரிவு என்று மட்டும் சொன்னார். எஃப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளை விட்டு இறங்கி விளக்கவேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அப்பா வாசலுக்கு வெளியே ஆம்பிளைகளோடு நிற்பார். அம்மா, தன்னில் மீன் மணக்கும் என்று கடைசித் தூணோடு ஒதுங்கி நிற்பார். கலியாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் தவிர அந்தத் தூணைத் தாண்டி எங்கள் ஆட்கள் முன்னுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஆகவே, கிறிஸ்து பிறப்பான நத்தார்ப் பூசைக்குக் கிட்டார் வாசிக்கும் இடம் எனக்கு என்று, பாடகர் குழுவைப் பழக்கும் கன்னியாஸ்திரியான சிஸ்டர் சொன்ன அன்று, அம்மா சந்தையில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மீன் வாங்க வந்தவர்களுக்கு மட்டுமல்ல, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கும்.

எனக்கு முன்னர் வாசித்தவர் எங்கள் ஒழுங்கை வளைகிற இடத்திலிருந்த முடக்கு வீட்டு அண்ணை. அவரிடம் சொந்தக் கிட்டார் ஒன்று இருந்தது. அதில்தான் நான் பழகினேன். மழைக்காலம் தொடங்கும்போது அவர் வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்டார். கிட்டாரும் அவரோடு போயிற்று. சிஸ்டர் அலுமாரியைத் திறந்து கோயிலுக்குச் சொந்தமான கிட்டாரை எடுத்து என் கையில் தந்தார். எப்போதோ இருந்த வெள்ளைக்காரச் சுவாமியார் ஒருவர் கொண்டுவந்ததாம். அது முடக்கு வீட்டுக் கிட்டாரைவிட அகலமானது, மெருகு போனது. மெல்லிய தந்திகள் அறுந்திருந்தன. சண்டையால் கடைகளில் மெழுகுதிரியே கிடைக்காத காலத்தில் கிட்டார்த் தந்திக்கு எங்கே போவது? அப்பா தன் தூண்டில் பெட்டியிலிருந்து தங்கூசி நரம்பு எடுத்துப் பருமன் பார்த்துக் கட்டித்தந்தார். மீன் இழுக்கிற நரம்பு பாட்டும் இழுக்கும் என்றார். இழுத்தது. ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக வந்தது.

வராதது எஃப் என்ற கோட், பல சுரம் ஒன்றாகக் கேட்கும் பிடி. மற்றக் கோட்களில் விரல்நுனிகளால் ஒவ்வொரு தந்தியாக அழுத்தினால் போதும். எஃப் வேண்டுமென்றால் சுட்டுவிரலைப் படுக்கவைத்து, கிட்டார்க் கழுத்தின் முதற்கட்டத்தில் ஆறு தந்திகளையும் குறுக்கே அழுத்திக்கொண்டு, மிச்ச மூன்று விரல்களால் மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும். முடக்கு வீட்டு அண்ணையின் கிட்டாரில் எனக்கு அது வந்தது. கோயில் கிட்டாரில் கீழிருந்து இரண்டாவது தந்தி மட்டும், ஈரச் சாக்கில் தட்டியதுபோல, ‘தக்’ என்று செத்துப்போனது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். விரலில் தழும்பு விழுந்தது, தந்தி பேசவில்லை. நத்தார்ப் பாட்டுகளோ பாதிக்குமேல் எஃப் இல்லாமல் அசையாதவை. சிஸ்டர் ஒருநாள், கோபமில்லாமல்தான், வராவிட்டால் பறவாயில்லை, ஹார்மோனியத்தோடு சமாளிப்போம் என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் விசாரணை நடந்தது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிறவர். மாதாவின்ரை கிட்டாருக்கு உன்ரை பாவம் தெரிஞ்சுபோச்சு மருமோன், போய் பாவசங்கீர்த்தனம் செய் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் மெய்யாகவே செய்தேன். மாங்காய் களவெடுத்தது முதல் மாமாவின் பீடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தது வரை சொல்லி, தண்டனைச் செபம் முழுவதையும் முழந்தாளில் நின்று முடித்துவிட்டு வந்து பிடித்தேன். தக்.

கிட்டாரில் பிழை இருக்கலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று இப்போது நீங்கள் கேட்கலாம். அம்மா அதற்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.

“முடக்கு வீட்டுப் பெடியன்ரை கிட்டாரிலை வந்தது, கோயிலின்ரை கிட்டாரிலை வரேல்லை எண்டால் பிழை எங்கை இருக்கு? கோயில் சாமானிலை பிழை இருக்குமே? உன்ரை விரலிலைதான் ஏதோ நடந்திருக்கு.”

அப்பாவுக்கு உடனே நினைவு வந்தது. கொஞ்ச நாளுக்கு முன்னர் வள்ளத்தைக் கரையேற்றும்போது நானும் கயிறு பிடித்தேன். அப்போது நெரிந்திருக்க வேண்டும். எனக்கு நோகவில்லையே என்றேன். நோகாத நெரிவுதான் பொல்லாதது என்றார் மாமா. அதோடு முடிவாயிற்று.

பரியாரியார் திருநீறு பூசிய, அமைதியான மனிதர். வாசலில் காத்திருந்தவர்களெல்லாம் உண்மையாகவே முறிந்தவர்களாக இருந்தார்கள். எனக்கு அதுவே கூச்சமாக இருந்தது. அவர் என் இடக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து மடக்கி, நீட்டி, ஒவ்வொரு பொருத்தாக அழுத்திப் பார்த்தார்.

“எங்கை தம்பி நோகுது?”

எங்கேயும் நோகவில்லை என்றேன். பிறகு என்னத்துக்கு வந்தனீங்கள் என்று அப்பாவைப் பார்த்தார்.

“எஃப் பிடிக்கேக்கை மட்டும்தான் ஐயா பிரச்சினை,” என்றார் அப்பா.

நாங்கள் குருநகர்க் கடற்கரை ஆட்கள் என்பது பரியாரியாருக்குத் தெரியும். “அது எந்தப் பக்கத்துக் கடலிலை படுகுது?” என்று மரியாதையாகக் கேட்டார்.

அது மீனில்லை என்று விளக்க, அப்பாவின் முழங்கையையே கிட்டாரின் கழுத்தாக்கி நான் பிடித்துக் காட்டவேண்டி வந்தது. காத்திருந்தவர்கள் தங்கள் முறிவுகளை மறந்து எட்டிப் பார்த்தார்கள். நெரிவு இருக்கிறமாதிரித் தெரியவில்லை என்றார் பரியாரியார். வடிவாகப் பாருங்கோ ஐயா, கோயில் அலுவல் என்றார் அப்பா. கோயில் என்றதும் பரியாரியாருக்கு அதற்கு மேல் மறுக்க மனம் வரவில்லை. எந்தக் கோயில் என்று அவர் கேட்கவில்லை. நோவெண்ணெய் பூசி, உள்ளங்கைப் பக்கம் ஒன்றும் புறங்கைப் பக்கம் ஒன்றுமாக மூங்கில் தப்பை இரண்டு வைத்து, முட்டை வெண்கருவில் தோய்த்த சீலையால் நுனியிலிருந்து அடி வரை இறுக்கிக் கட்டினார். விரல் கம்புபோல நின்றது. தைப்பொங்கல் வரை அவிழ்க்கக் கூடாது என்றார்.

காரியம் முடிந்த நிம்மதியோடு திரும்பினோம். மருதனார்மடச் சந்தியில், சந்தைச் சனத்துக்கு நடுவே, அப்பா திடீரென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார்.

“நத்தார் பொங்கலுக்கு முந்தியெல்லே வருது,” என்றார்.

பரியாரியாரின் கலண்டரில் பொங்கல் இருந்தது, எங்களுடையதில் நத்தார் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பிப் போய் அவிழ்க்கச் சொல்வது மரியாதையில்லை. நாங்களாக அவிழ்த்தால் வைத்தியம் கோபிக்கும். வீட்டுக்குப் போனதும் மாமா என் விரலைச் சுற்றிவந்து பார்த்தார். பொங்கலன்று வாசிக்கலாம் மருமோன், யேசு பாலனுக்குப் பதில் சூரியன் இருந்து கேட்பார் என்றார். அம்மா சிரிக்கவில்லை. சந்தையில் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்திருக்கும். அடுத்த நாள் அவர் வழக்கத்தைவிட மெதுவாகவே மீன் கடகத்தைத் தலையில் தூக்கினார்.

கிட்டாரைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். கொடுக்க முன்னர் ஒருமுறை மடியில் வைத்தேன். தப்பை கட்டிய விரலால் வேறென்ன செய்வது, குறுக்கே படுக்கவைத்தேன். மற்ற மூன்று விரல்களும் பழக்கத்தில் தம்தம் இடத்துக்குப் போயின. வலக்கையால் இழுத்தேன்.

எஃப் கேட்டது. சீலைக்குள்ளால் வந்ததால் கொஞ்சம் மந்தமாக, ஆனால் முழுதாக, கீழிருந்து இரண்டாவது தந்தியும் சேர்ந்து கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் மறுபடி இழுத்தேன். மறுபடியும் கேட்டது.

ஆனால் இப்போது வேறு தொல்லை. சுட்டுவிரல் மடங்காது. மடங்காத விரலால் மற்றக் கோட் ஒன்றும் பிடிக்க முடியாது. இவ்வளவு நாளும் எஃப் மட்டும் வராமல் இருந்தவனுக்கு இப்போது எஃப் மட்டும்தான் வரும். அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், அதை அப்படியே மேலே தள்ளிப் பார்த்தேன். முதற்கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போனதும் எஃப் ஜீ ஆயிற்று. இன்னும் மேலே போனால் சீ. நடுவிரலை எடுத்துவிட்டால் அதுவே மைனர். ஒரே பிடி, ஏறி இறங்கினால் போதும். ஒரே வலையைக் கொண்டு இடம் மாற்றி மாற்றிப் போடுவதுபோல என்று அப்பாவுக்குச் சொன்னேன். அவர் அதை உடனே விளங்கிக்கொண்டார்.

சிஸ்டருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் முதலில் விரலைப் பார்த்துப் பதறினார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கிட்டாரை வாங்கி, அதன் கழுத்தை ஒரு கண்ணால் நோட்டம் பார்த்தார்.

“உது பொல்லாத பலகை, தம்பி. மேசைமாதிரித் தட்டை. முடக்கு வீட்டுப் பெடியனும் உதிலை எஃப் பிடிக்கேல்லை. அதாலைதான் தகப்பனைக் கரைச்சல்படுத்தி வேற கிட்டார் வாங்கினவன்.”

“அப்ப என்ரை விரல், சிஸ்டர்?”

“உன்ரை விரலுக்கு ஒண்டுமில்லை.”

அந்தச் சொல்லைக் கேட்டபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படி இறங்கவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பாட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினார். சரி, பழகுவம் என்றார்.

குண்டு போடுவார்கள் என்று இரவில் வெளிச்சம் வைக்கப் பயந்து அந்த வருடங்களில் நத்தார்ப் பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். யன்னலால் வந்த வெயிலில், யேசு பிறந்த தொழுவமாகக் கட்டிய பாலன் கூடு சாதாரண வைக்கோல் குடிசையாகத் தெரிந்தது. நான் தப்பை விரலோடு கிட்டாரின் கழுத்தில் ஏறி இறங்கி வாசித்தேன். ஒரு பாட்டில் ஒரு கட்டம் தவறி மேலே போய்விட்டேன், சனம் என்னோடு சேர்ந்து மேலே வந்தது. முறிந்த விரலோடு நோவைத் தாங்கிக்கொண்டு பாலனுக்காக வாசிக்கிறான் பிள்ளை என்று கதை பரவி, முன்வாங்கில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா வாசலுக்கு உள்ளே வந்து நின்றார். அம்மா தன் தூணை விட்டு அடுத்த தூணுக்கு வந்திருந்தார். எஃப் வரும்போதெல்லாம் அவருடைய உதடு அசைந்தது. கடைசிப் பாட்டு முடிந்தபோது அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். அது எனக்குக் கேட்டிருக்க நியாயமில்லை, ஆனால் கேட்டது.

பொங்கலன்று தப்பையை அவிழ்த்தோம். விரல் வெளிறி, சுருங்கி, வேறு யாருடையதோபோல இருந்தது. பயந்து பயந்துதான் எஃப் பிடித்தேன். வந்தது, எந்தக் கட்டும் இல்லாமல். அது எப்படி என்பதை வெகுநாள் யோசித்து நானாகக் கண்டுபிடித்தேன். மனித விரல் தானாகவே கொஞ்சம் உள்ளே வளையும். முடக்கு வீட்டுக் கிட்டாரின் பலகை, கவிழ்த்த வள்ளத்தின் முதுகுபோல மெல்ல வளைந்தது, விரலின் வளைவு அதற்குப் பொருந்தியது. கோயில் கிட்டாரின் தட்டைப் பலகையில் விரலின் மடிப்பு இரண்டாவது தந்திக்கு மேலே பள்ளமாக நின்றது. தப்பையோடு வாசித்தபோது விரல் நிமிர்ந்து கிடக்கப் பழகியது, சதைப் பக்கத்தை விட்டு எலும்பு விளிம்பில் சாய்ந்துகொள்ளவும் பழகியது. பெருவிரலால் நெரிப்பதை விட்டுக் கை முழுவதன் பாரத்தையும் பின்னுக்கு இழுக்கப் பழகியது. பலம் தேவைப்படவில்லை. அம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பரியாரியாருக்குத்தான் நன்றி சொன்னார். அப்பா அவருக்கு ஒரு குலை கதலி வாழைப்பழம் கொண்டுபோனார். பொங்கல் நேரம் அந்த வீட்டுக்கு மீன் கொண்டுபோகக் கூடாது என்பதில் மட்டும் இந்த முறை கவனமாக இருந்தார்.

பலகையின் சங்கதி இப்படி அந்த வருடமே எனக்கு விளங்கிவிட்டது. இடத்தின் சங்கதி விளங்க இன்னும் சில வருடம் பிடித்தது. கிட்டார்காரன் நிற்பது பாடகர் குழுவின் பின்வரிசையில், பெரிய பெடியன்களோடு. முந்திய நத்தாருக்கு அங்கே தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். முடக்கு வீட்டு அண்ணை கிட்டாரின் கழுத்தை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் வாசிப்பார், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையில் இடிக்கும். பதின்மூன்று வயதுக்காரன் ஒருவனை அந்த வரிசைக்குச் சிஸ்டர் தெரிந்தெடுத்தது என் கெட்டித்தனத்தைப் பார்த்துத்தான் என்று நான் முழுமனதாக நம்பினேன். பெரிய பெடியன்கள் வெளிநாட்டுக்கும் சண்டைக்கும் போயிருந்த அந்த நத்தாருக்கு எனக்கு இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை. கிட்டாரைத் தாழ்த்தி வைத்து, முழங்கையை விரித்து, கழுத்து முழுவதும் ஏறி இறங்கத் தாராளமாக இடம் இருந்தது. நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன்.