தோசைக்கல்லில் வெந்த பேட்டரிக் கட்டை

கோம்பை என்ற ஊருக்கு நான் பெண் பார்க்கப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். வடக்கே ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. பெண் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. அவள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் அவளுடைய அப்பா கேட்டார்: "தம்பி, அங்கன என்ன வேல பாக்குறீக?"

வெப்ப பேட்டரி செய்கிறோம் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். நமக்குத்தான் அது வராதே. உள்ளே உப்பு கல்லாக இறுகிக் கிடக்கும், அப்படிக் கிடக்கும்வரை மின்சாரம் வராது. கூடவே வைத்திருக்கும் பட்டாசு மருந்து மாதிரியான பொடி பற்றிக்கொண்டால் உப்பு உருகி, உடனே மின்சாரம் பாயும் என்று விளக்கினேன்.

"எம்புட்டு நேரம்?"

"சூடு இருக்கிற வரைக்கும். சில நிமிசம். அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனா இருபது வருசம் சும்மா வச்சிருந்தாலும் கெடாது."

பெண்ணின் தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். "இருபது வருசம் சும்மா கெடந்து ரெண்டு நிமிசம் வேல. கெவருமெண்டு உத்தியோகம்னா இதுதான்!"

ஏவுகணைக்கு அது போதும், விமானம் விழப்போனால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கிப் போடவும் அது உதவும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெண்ணின் அப்பா முகம் மட்டும் திடீரென்று மலர்ந்தது. "சூடு காட்டுனா கரண்டு வரும், அம்புட்டுத்தான மாப்ள? நாங்க எத்தன வருசமா செய்யிறோம்!"

'தம்பி' என்றவர் 'மாப்ள' என்றுவிட்ட சந்தோஷத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கடலைக்காட்டில் பன்றிக் காவலுக்குப் போகிறவர்கள் தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டைகளை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவார்கள். அது வேறு, இது வேறு என்று சொல்ல வேண்டியவன் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். அவர் ஓட்டிலிருந்து கட்டைகளை எடுத்துவந்து, கேசரி இறக்கிய அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு அடுக்கினார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

ஒன்று வெடித்தது. கறுப்பு மசி அத்தனையும் என் வெள்ளைச் சட்டையில்.

"தம்பிக்கு அடி ஒண்ணும் படலையே?" என்றார் பெண்ணின் அப்பா. மறுபடியும் தம்பி! கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பெண் ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

"ஒங்க பேட்டரியும் இப்பிடி வெடிக்குமா?"

"வெடிக்காது."

"அந்த விமானத்து ஆளு பொழச்சுக்கிருவாரா?"

"அதுக்காகத்தான் செய்யிறதே."

"அப்பச் சரி," என்று துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் அப்பா என் சட்டையைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி மகளுக்குக் குரல் கொடுத்தார்: "ஆத்தா, மாப்ளைக்கு என் சட்டையில ஒண்ணு எடுத்துட்டு வா."