குடோன் கதவுக்கு இந்தப் பக்கம்

கம்பாலாவில், கபலகலா மேட்டு சூப்பர் மார்க்கெட்டில் யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்குவது நகிமேராதான். பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவளைக் கடைத்தளத்துக்குப் பொறுப்பாக்கிப் பச்சைக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். பால் திரிந்தவர் முதல் பிள்ளையைத் தொலைத்தவர் வரை எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பிடித்து இழுத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை சீனி அலமாரி காலியாகக் கிடந்தது. லாரி காலையிலேயே வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. குடோனுக்கு ஓடினாள். சரக்கை வாங்கி வைக்கும் ஓப்பியோ மூட்டைமேல் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தார்.

"சீனி எங்கண்ணே?"

"இதோ, எனக்குக் கீழதான்."

"எந்திரிங்க, வெளிய தள்ளணும்."

"கம்ப்யூட்டர்ல வெல ஏறல. மாடியில கொள்முதல்காரங்க ஏத்தணும். அதுவரைக்கும் ஒரு பொட்டலம் நகராது, நியாபோ."

நியாபோவாம், அம்மணியாம்! மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை. மாடிக்கு ஓடினாள். கொள்முதல் மேசையிலிருந்த பெண் தலைகூட நிமிரவில்லை. "மேனேஜர் சரின்னு சொல்லணும்."

மேனேஜர் முகேர்வா கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் இருந்தார்.

"என்ன கூட்டம்?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"வியாபாரம் ஏன் கொறஞ்சுதுன்னு பேசறாங்களாம்."

நகிமேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே இறங்கினாள். ஓப்பியோ தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, சீனியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தானே கடைக்குள் தள்ளி வந்தாள். சனம் மொய்த்தது. ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்து வாழ்த்தக்கூடச் செய்தார்.

அந்தச் சந்தோஷம் கல்லா வரைக்கும்தான். சீனியைக் காட்டினால் இயந்திரம் கீச்சிட்டதே தவிர பில் போடவில்லை. வரிசை ரொட்டி அடுப்பு வரைக்கும் நீண்டது.

"என்ன கூத்துக்கா இது!" கல்லாவிலிருந்த பபிரியே கத்தினாள். "வெல ஏறாம பில் விழாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

கொடுத்த சீனியை ஒவ்வொருவரிடமும் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு தடித்த அம்மாள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "போலீசக் கூப்பிடு, தர மாட்டேன்!" என்றாள். சத்தம் கேட்டு முகேர்வா இறங்கி வந்தார். மாடிக்கு ஒரே ஒரு போன். விலை ஏறிவிட்டது.

"இதுக்குத்தானே சார் காலையிலேருந்து நாயா அலைஞ்சேன்!"

"குடோன் சரக்கத் தொட ஒனக்கு யாரு உரிமை குடுத்தா?"

தண்டனையாக ஒரு மாதம் ஓப்பியோவுக்குக் கீழே போட்டார்கள். அங்கே போன பிறகுதான் அந்தப் பக்கத்துப் பாடு தெரிந்தது. லாரிக்காரன் அவசரப்படுத்துவான். எலி கடித்த மூட்டையை நடுவில் செருகுவான். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஓப்பியோ. அந்தச் சனிக்கிழமை அவள் வண்டியைத் தள்ளிப் போனதில், வீட்டுக்குப் போகாமல் மொத்தச் சரக்கையும் மறுபடி எண்ணியிருந்தார் மனுஷர்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"மன்னிப்பு கெடக்கட்டும். அந்த லாரிக்காரனத் திட்டு. ஒனக்குத்தான் வாய் இருக்கு."

மாதம் முடிந்தும் அவள் பச்சைக் கோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் லாரி வாசலில் திரும்பும்போதே மாடிக்குப் போன் போடுகிறாள். யாரும் எடுப்பதில்லை. படியேறிப் போய், விலை ஏறும்வரை கொள்முதல் மேசையை ஒட்டி நின்றுகொள்கிறாள்.

"மறுபடியுமா?" என்று பெருமூச்சு விடுகிறாள் அந்தப் பெண்.

"நான் என்ன ஆசப்பட்டா வர்றேன்? ஏத்தும்மா!"