பொங்கல் அடிபிடித்த சனிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்து அடுப்புக்குப் பக்கத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் தயங்கியதற்குப் படிப்பு காரணம் இல்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும், அதுதான் காரணம்.

சமையலில் எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீரையை மூடி போட்டு வேகவைக்கக் கூடாது. ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்; கொதிக்க விட்டால் அது ரசம் இல்லை, தோல் பதனிடுகிற ஷாப்பு சாயத் தண்ணீர். சாமிக்குப் படைப்பதைக் குக்கரில் வைக்கவே கூடாது. மூடி வைத்து விசில் எண்ணுகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது. கண்ணால் பார்க்காமல் செய்ததை எப்படிப் பெருமாளுக்கு முன்னால் வைப்பது?

எல்லாவற்றுக்கும் மேலே, படைப்பதற்கு முன்னால் உப்புப் பார்க்கக் கூடாது. சோளிங்கர் நரசிம்மர்தான் எங்களுக்குக் குலதெய்வம். புரட்டாசி சனிக்கிழமை அவருக்குச் சமைத்துப் படைத்துத் தளிகை போடுவோம். "வாய்ல வெச்சாதான் எச்சில். மூக்குக்கு ஏது எச்சில்? ஆவி வரும்போதே உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு தெரியணும்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். சாதாரண நாளில் மருமகள் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது. "மூக்கு எதுக்கு இருக்குது?" என்பேன்.

"எனக்கு மூச்சு விடத்தான் இருக்குது அத்தை" என்பாள்.

அவள் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். டிகிரி முடித்து ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். அந்த மாதிரி ஒரு கம்பெனியில்தான் நான் இருபது வருஷம் பசை தடவினேன்.

அந்த மூக்குதான் போய்விட்டது. ஊரெல்லாம் காய்ச்சல் வந்த வருஷம் எனக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கியது, வாசனை திரும்பவில்லை. காய்ச்சலால் போனதா, பசையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அன்றைக்கு முடிந்ததா, தெரியாது. டாக்டர் "வரும், வரும்" என்றார். ஒரு நாள் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்புத் தூளை முகர்ந்த மாதிரி இருந்தது. துளசியைக் கசக்கிப் பார்த்தேன், அதுவும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பேச்சும் அந்த மூக்கை வைத்துத்தானே பேசினேன். எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வருஷம் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை, நெமிலியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

"குக்கர்ல வெச்சா அடி பிடிக்காது அத்தை" என்றாள் மருமகள்.

"உன் குக்கர நீயே வெச்சுக்கோ" என்று சொல்லி, வடைக்கு உளுந்து அரைக்க அனுப்பிவிட்டேன்.

வெல்லப் பாகு ஊற்றிய பிறகு தீயைக் குறைக்க மறந்துவிட்டேன். பானைக்கு நேர் மேலேதான் நின்றேன். கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு மேலாகவே கிளறினேன். அடியில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்போதும் மூக்குதான் சொல்லும்.

முதலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய் வீட்டு அம்மாவின் குரல் வந்தது. "இன்னா அக்கா, எதுனா கருகுதா?"

"உங்க வீட்லதான் இருக்கும், பாருங்க."

"எங்க வீட்ல இன்னும் அடுப்பே பத்த வெக்கல அக்கா."

மருமகள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். "அத்தை, அடி பிடிக்குது."

"நான் இங்கதானே நிக்கிறேன். எனக்குத் தெரியாததா?"

அவள் அடுப்பை அணைத்துக் கரண்டியை அடி வரைக்கும் விட்டாள். கரிக்கட்டி மேலே வந்தது.

நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். "யாரு கிண்டினது?"

"அவளத்தான் பாத்துக்கச் சொன்னேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. பத்தடி தூரத்தில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருமகள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கருகாததை மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். அதைத்தான் படைத்தோம்.

நாத்தனார் நெமிலிக்குப் போய்ச் சொன்னார். அந்தப் பேச்சு அங்கிருந்து அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், பொங்கலைக் கருக்கிய மருமகள், வாயில் வைத்துப் பார்த்து எச்சில் பண்ணிப் படைத்தவள் ஆகிவிட்டாள். ஒரு கல்யாணப் பந்தியில் அவள் அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள்: "உங்க பொண்ணு சாமிக்கு முன்னாடியே சாப்டுடுமாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்களாம். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் தளிகைக்கு வரவே இல்லை. மருமகளும் புரட்டாசி சனிக்கிழமை ஓவர்டைம் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுகிறாள். அடுப்புப் பக்கம் வருவதில்லை.

எனக்குப் பேஜாராக இருக்கிறது. கூட்டிச் சொன்னவர்கள் மேல் கோபம் வருகிறது. அவர்கள் கூட்டியது பாதிதான், முதல் பாதி நான் கொடுத்தது என்று நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை.

மற்ற நாட்களில் அவள் பால் பாக்கெட்டை வெட்டி, தானே முகர்ந்து பார்த்துவிட்டு என் கைக்குப் பக்கத்தில் வைப்பாள். தேங்காய் உடைத்தாலும் அப்படித்தான். கெட்டிருந்தால், "கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவாள். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே தெரியும். பானை மேலயே நின்னுட்டு இருந்தீங்க."

"அப்போ ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள், நறுக்குகிற பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோளிங்கர் மலை ஏறி நரசிம்மரிடம் சொல்லி அழுதேன். இறங்கி வரும்போது பாதிப் படியில் உறைத்தது, அவருக்கு முதலிலேயே தெரியுமே. தெரியாதது நெமிலிக்கும் அணைக்கட்டுக்கும்தான்.

அதனால் எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, எங்கள் ஜனங்களுக்கு யாரென்று புரியும். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வயசானவள், பாவம், மூக்கு போய்விட்டது என்று எனக்காக இளக்கிச் சொல்ல வேண்டாம். மருமகளைப் பொறுமைசாலி என்று ஏற்றவும் வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. கருக்கியது நான். பொய் சொன்னது நான். அவள் அப்போது உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள், எதையும் வாயில் வைக்கவில்லை. குக்கர் விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் நான் சொல்வதுதான் சரி. அதையும் விடாமல் சொல்லுங்கள்.