எரியாத சிவப்பு விளக்கு

மைசூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கணபதிராமனுக்கு ராக்கெட் விடும் பைத்தியம். இருட்டில் விடுவதற்காக, பற்றவைக்கும் கம்பியில் கரண்டு வந்தால் எரியும்படி ஒரு எல்.இ.டி. விளக்கு பொருத்தினார். டார்ச் பல்பைப் போல எப்படி மாட்டினாலும் எரியும் என்று நினைத்து, ஒரு திசையில் மாட்டினால் மட்டுமே எரியும் அதைத் திருப்பி மாட்டிவிட்டார்.

இருட்டியதும் மைதானத்தில் சுவிட்சைப் போட்டார். விளக்கும் எரியவில்லை, ராக்கெட்டும் கிளம்பவில்லை. சுவிட்சை அணைக்காமலே அவர் கிட்டே போனதும், நர்ஸ் வேலை பார்த்த மனைவி வாலாம்பாள் தடுத்தாள்.

"ஏன்னா, முதல்ல பேட்டரியைக் கழட்டுங்கோ."

"விளக்கே எரியலை. கரண்டு எங்கேடி இருக்கு?"

"நாடி கிடைக்கலைன்னா நாங்க உடனே பொணம்னு சொல்லிடறதில்லை."

அவர் சிரித்தபடி குனிந்து, தளர்ந்திருந்த கம்பியை அழுத்தினார். நெருப்பு நேராக முகத்தில் சீறியது.

ஓய்வு பெறும்வரை ஒற்றைக் கண்ணோடுதான் பட்டறைக்குப் போனார். வீட்டில் எரியாத விளக்கை மட்டும் தொடமாட்டார், வாலாம்பாள்தான் மாற்றுவாள்.