கதவுகளை எண்ணிய ஞாயிறு

கொழும்பிலிருந்து அந்தப் பெட்டி வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மாதிரிச் சின்னச் சபைக்குப் பெட்டி கிட்டி எதுவும் வருவதில்லை. ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலைக்கு நடுவில், அந்தக் காலத்துத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கல் ஆலயம் எங்களுடையது. துரைமார் போய்விட்டார்கள், நாங்கள் இருக்கிறோம். சுற்றிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள். எங்கள் பிரெஸ்பிடேரியன் சபையில் வெயில் ஞாயிறு என்றால் நாற்பது பேர், மழை ஞாயிறு என்றால் அதில் பாதி. போதகருக்கு வேறு சபைகளும் உண்டு என்பதால் மாதத்தில் இரண்டு வாரம்தான் எங்கள் பக்கம் வருவார். மற்ற நாட்களில் சபையைத் தூக்கி நிறுத்துவது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் மறுத்துப் பேசாததால் அந்த நினைப்பு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது.

வாரநாட்களில் நான் ஹட்டனில் கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பாளர். இரண்டு இடத்திலும் குரல் ஒன்றுதான் என்று என் கணவர் சொல்வார்.

பெட்டிக்குள் ஒரு தடித்த கையேடு, வர்ண அட்டைகள், சுவரில் ஒட்டும் படங்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டச் சின்னங்கள் எல்லாம் இருந்தன. திருச்சபை ஆசிரியர்களும் தலைவர்களும் சமூக நீதியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று வெளிநாட்டில் யாரோ எழுதியதைத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். அயல்வீட்டு முதியவரின் வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் அள்ளிக் கொடுங்கள் என்று ஒரு பயிற்சி. எங்கள் பக்கமும் பனி கொட்டும், ஆனால் மண்வெட்டிக்கு அகப்படாது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊருக்கு ஒத்துவரும் பயிற்சி ஒன்றைத் தேடினேன். ஒன்பதாவது பாடத்தில் கிடைத்தது: உங்கள் ஆலயத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். பூட்டியிருக்கும் கதவுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் யாருக்கு எதிராகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள்.

செலவில்லாத பயிற்சி. எண்ணுகிற வேலை வேறு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆசிரியர்களை நிறுத்தி வைத்தேன். மொத்தம் ஐந்து பேர். கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு கணவன் மனைவி பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். கிளாக்கரையா இருந்தார். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபையின் செயலாளர், ஆலயத்துக்குப் பக்கத்திலேயே வீடு. பிறகு நான். ஐந்தாவது ஆள் அக்கா.

கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அவருடையது. அவர் நோவாவின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் குடையைத் தேடுவார்கள். நான் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சலும் அடிவயிற்று நோவுமாக இரண்டு தடவை வைத்தியசாலைக்குப் போய் வந்திருந்தார். சிறுநீர்த் தொற்று. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது, மறுபடி வந்தால் சிறுநீரகத்தைத் தொட்டுவிடும், பிறகு மலை வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உழைப்பது அக்கா மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து நான் செய்தது, அவர் பெயரை ஜெபக் குறிப்பில் முதலாவதாக எழுதியது. "தண்ணி நல்லா குடிங்கக்கா" என்று ஞாயிறுதோறும் புத்தி சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பேரும் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தோடு நடந்தோம். உடுப்பு மாற்றும் அறைக் கதவு, ஞாயிறு பாடசாலை அலுமாரி, துரைமார் மட்டும் நுழைவதற்கென்று இருந்து இப்போது ஆணி அடித்துக் கிடக்கும் பக்கக் கதவு. அந்தப் பக்கக் கதவின் முன்னால் நான் ஒரு சிறு பிரசங்கமே வைத்தேன். மனிதர்களை எப்படியெல்லாம் பிரித்து வைத்திருந்தார்கள் பாருங்கள் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியாகப் பின்பக்கத்து மலசலகூடத்துக்கு வந்தோம். ஞாயிறு என்பதால் திறந்திருந்தது, பூட்டு கொண்டியில் தொங்கியது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் சாதனை. ஆறு வருஷத்துக்கு முன் வீடு வீடாக ஏறி இறங்கி, கேக் விற்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களை நச்சரித்துக் கட்டியது. இளநீல டைல், வெள்ளைக்காரப் பாணியில் கழுவுதொட்டி, மலை நீர் விழும் பீலியிலிருந்து குழாய் இழுத்து எந்நேரமும் தண்ணீர். கட்டிய இரண்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால் டைல் முழுக்கச் சேற்றுக் கால். கீழ் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்து போயிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமையே ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். 'சபையாருக்கு மட்டும்' என்று பலகையும் எழுதி வைத்தேன். ஞாயிறு காலை திறப்போம், மதியம் பூட்டுவோம். சாவி உடுப்பு மாற்றும் அறையில் தொங்கும்.

துண்டுகளை வாங்கி வாசித்தேன். மலசலகூடக் கதவுக்கு நேரே கிளாக்கரையா 'அந்நியர்' என்று எழுதியிருந்தார். கொட்டகலைக்காரர்கள் இருவரும் 'திருடர்'. மலசலகூடத்தில் எதைத் திருடுவது என்று நான் கேட்கவில்லை. நான் எழுதியிருந்தது 'அசுத்தம்'. அக்காவின் துண்டில், பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே குண்டுக் கையெழுத்தில், 'திங்கள் தொடக்கம் சனி வரை எனக்கு' என்று இருந்தது.

"என்னக்கா இது? நீங்க நம்ம சபை ஆளுதானே. இப்பகூடப் போயிட்டு வந்தீங்க."

"ஞாத்துக்கெழம சபை ஆளு டீச்சர்" என்றார் அக்கா. "திங்கக்கெழம நான் அந்தா, அந்த மலையில நிக்கிறேன்." கையை நீட்டிக் காட்டினார். ஆலயத்து வேலியிலிருந்து இருபது அடி எடுத்து வைக்கும் தூரம்கூட இருக்காது.

பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், விபரம் சொன்னார். "காலையில பெரட்டுல பேரு குடுக்க முன்னால லயத்து வீட்டுல போறதோட சரி. நடுவுல போகணும்னா லயத்துக்குத்தான் ஏறணும், எறங்கணும். அதுக்குள்ள கொழுந்து கொறஞ்சிரும், அரைப்பேருதான் போடுவாங்க. தேயிலைக்குள்ள குந்தலாம்னா அட்டை கடிக்கும். கீழ ரோட்டுல பஸ்ஸு. மேல கங்காணி. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். கிளாக்கரையா குடையை விரித்துப் பார்த்து மறுபடி மடக்கினார். மழை ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அக்காமேல்தான் கோபம் வந்தது. நாலு பேர் முன்னால், அதுவும் நான் நடத்துகிற பயிற்சியில், இப்படியா எழுதுவது! ஹட்டன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கோபம் மெல்ல இடம் மாறியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முழுக்க என்மேல் இருந்தது. அன்று இரவு கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் கறிக்கு உப்புக் கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மூப்பர் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டேன். போதகர் இருந்தார். கதவை வாரம் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்றேன். கிளாக்கரையா இருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தெறந்து விட்டா யாரு கழுவுறது டீச்சர்? அந்த கேங்கில முப்பது பொம்பளைங்க இருக்காங்க. நம்ம சபையில அதுல ஒரு ஆளுதான். மத்தவங்கெல்லாம் வேற சமயம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

"அடக்கி வைக்கிறதுக்குச் சமயம் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன். போதகர் கையேட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா ஜெபித்தாரா தெரியாது.

ஒரு மணி நேரம் இழுபட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்கா சபை அங்கத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் ஒரு சாவி வெட்டிக் கொடுப்பது. நான் வெற்றி பெற்றவள் போலத்தான் வெளியே வந்தேன். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் ஹட்டன் பஜாரில் சாவி வெட்டிக்கொண்டு, நேரே மலைக்குப் போனேன். மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டியபடி, சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சாவியை நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை.

"எனக்கு மட்டுமா டீச்சர்?"

"இப்பைக்கு உங்களுக்கு. மெதுவா மத்தவங்களுக்கும் பேசலாம்."

"வேணாம் டீச்சர். அந்தா நிக்கிறா பாருங்க, அவளுக்கு அஞ்சு மாசம். அந்தக் கடைசி ஆளுக்கு எனக்கு வந்த அதே காய்ச்சல், அதே நோவு. இவங்க பாத்துக்கிட்டு நிக்க, நான் மட்டும் சாவியத் தூக்கிட்டுப் போயிட்டு வந்து, எந்த மொகத்தோட பக்கத்து நெரையில நிக்கிறது?"

"மறுபடி காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. பயமாத்தான் இருக்கு." அக்காவின் கண் கலங்கியது. "ஆனா இத வாங்க மாட்டேன்." சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கால் நிற்காது. விறுவிறுவென்று ஆலயத்துக்கு ஏறினேன். கையில்தான் சாவி இருந்ததே. பூட்டைத் திறந்து கழற்றினேன். பலகையையும் பிடுங்கினேன். ஆணி துருப்பிடித்துப் போயிருந்ததால் உள்ளங்கை கிழிந்தது. சத்தம் கேட்டுக் கிளாக்கரையா வீட்டில் உடுத்திருந்த சாரத்தோடு ஓடி வந்தார்.

"டீச்சர், கூட்டத்துத் தீர்மானத்த மீறுறீங்க!"

"ஒண்ணும் மீறலங்க ஐயா. இந்தப் பூட்டு நான் என் காசில வாங்கினது. என் சாமான நான் எடுத்துட்டுப் போறேன். கதவு சபையோடது, அது இங்கேயே இருக்கட்டும்."

அவர் ஒதுங்கி வழி விட்டார். ஆபீஸ் வேலை பார்த்தவர், சட்டத்தை மதிக்கிறவர். பூட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கை எரிந்தது.

அந்த வாரம் முழுக்கக் கிளாக்கரையா ஜன்னலோரம் காவல் இருந்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார். சேற்றுக் காலைக் கையும் களவுமாகப் பிடிக்க. பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்தார்களாம். படங்கையும் சாக்கையும் வேலியில் மாட்டிவிட்டு, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்களாம். சனிக்கிழமை மூன்று பேர் விளக்குமாற்றோடு வந்து தரையைத் தேய்த்து விட்டுப் போனார்களாம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மனுசன் தவித்திருக்கிறார். கடைசியில், சவர்க்காரம் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்று என்னிடம் முறையிட்டார். அடுத்த வாரம் போனபோது புதுச் சவர்க்காரம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கதவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு அதன்பின் காய்ச்சல் வரவில்லை. சில மாதங்கள் கழித்து டாக்டர் தொற்றுக்குக் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டார். மலையில் பெண்கள் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டு போவதைப் பஸ்ஸிலிருந்தே பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். இதில் எனக்குப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

வருஷ முடிவில் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. கையேட்டைப் பயன்படுத்தியதால் உங்கள் சபையில் என்ன மாற்றம் ஏற்பட்டது, பயன்பெற்றவர் ஒருவரின் சாட்சியுடன் எழுதி அனுப்புங்கள். மற்ற சபை ஆசிரியர்களுக்கு ஊக்கமாக இருக்குமாம். எங்கள் கதை அச்சில் வந்துவிடும் என்ற நினைப்பில், ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பேனாவும் படிவமுமாக அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வரி சொல்லுங்கக்கா. என்ன கஷ்டம் இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு. சபைக்கு நன்றின்னு முடிச்சிருவோம்."

அக்கா பிள்ளைகளின் வர்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்க மாட்டாதவள்.

"ஆனா அக்கா, எனக்கு ஒரு கவல. ஆறு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் இதே பெஞ்சில ஒண்ணா உக்காந்து பாடம் தயாரிச்சோம். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அக்கா பென்சில் பெட்டியை மூடினார். என்னைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா தெறந்து விட்டிருப்பீங்களா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அக்கா கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டைலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். சேற்றுக் காலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். பிறகு அவருக்காக ஜெபித்திருப்பேன்.

"இல்லக்கா" என்றேன். "மாட்டேன்."

"அத எழுதுங்க" என்றார் அக்கா. "படிக்கிற டீச்சருங்களுக்கு அதுதான் உதவும்."