ஐம்பதாவது கையெழுத்து

எங்கள் தெருச் சங்கத்தை நடத்துபவரை எல்லோரும் செக்ரட்டரி என்றுதான் கூப்பிடுவோம். நகராட்சியில் முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, யாரும் எதையும் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார்.

தெருக்கோடியில் பழைய பஸ் டிப்போ இருந்த இடத்தில் பதினான்கு மாடி, நூற்றுப் பன்னிரண்டு வீடு என்று வீட்டு வசதி வாரியம் பலகை நட்ட அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே கூட்டம் போட்டார்.

"அவ்ளோ பேர் வந்தா தண்ணிக்கு எங்க போறது? சாக்கடை தாங்குமா? கார் எங்க நிறுத்துறது?"

வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருந்த நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

ஐம்பது பேர் எழுதிக் கொடுத்தால்தான் ஆட்சேபணை செல்லும். செருப்புத் தேய அலைந்தும் நாற்பத்தொன்பதில் நின்றது. தன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரம்மாவிடம் பேனாவை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து போடும்மா."

"என்னங்கய்யா இது?"

"தண்ணி விஷயம். தெருவுக்கு நல்லது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, போட்டாள். விலாசக் கட்டத்தில் தன் வீட்டு விலாசத்தை அவரே எழுதினார்.

"அவ எப்ப நம்ம வீட்ல குடிவந்தா?" என்றார் மனைவி.

"பகல் பூரா இங்கதான இருக்கா?"

விசாரணை நாளன்று அவள் அரைநாள் லீவு கேட்டாள். தாராளமாகக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

மண்டபத்தில் முன் இரண்டு வரிசை முழுக்க நாங்கள். அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு பெண், இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தேழாம் நம்பர் விண்ணப்பம், இங்க வீடு கேட்டிருக்காங்க. பேரும் கையெழுத்தும் பாத்தா, ஆட்சேபணையில ஐம்பதாவது ஆளும் இவங்கதான். ஏம்மா, வீடு வேணுமா, வேணாமா?"

கடைசி வரிசையில் சமையல்காரம்மா எழுந்தாள்.

"வேணுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"அப்ப வேணாம்னு ஏன் கையெழுத்து போட்டீங்க?"

"தண்ணி விஷயம்னு ஐயா சொன்னாருங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஆட்சேபிச்சவங்களுக்கு இங்க வீடு ஒதுக்க முடியாதும்மா. கையெழுத்து வாங்கினவர் எழுந்து தப்புன்னு சொன்னா உங்க பேரை அடிச்சிடலாம்."

செக்ரட்டரி எழப்போனார். "உக்காருங்க சார், ஒண்ணு குறைஞ்சா மொத்தமும் போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. யார் கை என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பு என்னோடதுதான். விஷயத்தச் சொல்லாம வாங்கினேன். விலாசமும் நான் எழுதினது."

"சரி, அவங்க சரியான விலாசத்தச் சொல்லுங்க. குறிச்சுக்கிறேன்."

செக்ரட்டரி வாயைத் திறந்தார்; மூடினார். பன்னிரண்டு வருடம் அவள் கையால் சாப்பிட்டவர். காதுவரை சிவந்துபோனார்.

அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"இதுலயே இருக்கே. கீழ வேலை குடுத்தவர் சான்றுன்னு நீங்கதான கையெழுத்து போட்டிருக்கீங்க?"

மூன்று மாதம் முன்பு, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் நீட்டிய தாள். படிக்காமலே போட்டுக் கொடுத்திருந்தார்.

ஐம்பதாவது பெயர் அடிக்கப்பட்டது. ஆட்சேபணை விழுந்தது. எங்கள் வரிசைகளில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் சமையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"உன் வீட்டுக்கு எந்த பஸ்ஸும்மா?"

"ரெண்டு பஸ் மாறணுங்கய்யா. ரெண்டு மணி நேரம்." அவள் தலை நிமிரவில்லை. "சாயங்காலத்துக்குச் சமைச்சு வச்சிட்டுத்தான் வந்தேன். சூடு பண்ணிக்குங்க."